ஊரைக் கேட்டுப் பள்ளி வளர்த்தவர்: நெ. து. சுந்தரவடிவேலு

கல்வித் துறையில் பெரும்பதவி வகித்தோர் பலர். ஓய்வு பெற்ற மறு ஆண்டே அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை ஆசிரியர் உலகம் மறந்துவிடுகிறது. அது பதவியின் இயல்பு. ஆனால் 1954ஆம் ஆண்டில் சென்னை மாநிலப் பொதுக் கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்ற நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் பெயர், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மூத்த ஆசிரியர்களின் பேச்சில் அடிக்கடி வந்துபோகிறது. நாம் பணியிற் சேர்ந்த காலத்தில், அன்னாரின் கீழ்ப் பணியாற்றிய பெரியவர்கள் சிலர் ஓய்வு பெற்று நம்மிடையே இருந்தனர். அவர்கள் இயக்குநர் என்று பொதுவாகச் சொன்னாலே அது இவரைத்தான் குறிக்கும்.

தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விச் சங்கம் ஒன்று வெளியிடும் வெள்ளிவிழா மலரில் இவர் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். இவர் நம் சமுதாயத்திற் பிறந்தவர் அல்லர்; நம் முத்துக்கடற்கரையைச் சேர்ந்தவரும் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. இராசா, சுவாமி சகஜானந்தர் முதலியோர் நமக்கு உரியோர். அவர்தம் தொண்டை நாம் எந்நாளும் போற்றுவோம். ஆயினும் ஒரு பள்ளி யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்னும் வினாவை, அரசு நாற்காலியில் அமர்ந்துகொண்டே எழுப்பி, அதற்கு விடை காண முயன்ற அதிகாரி இவர். அவர் முயற்சியின் முதல் விளக்கு ஏற்றப்பட்ட இடமோ இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரம். அம்முயற்சியில் நம் மக்களுக்குக் கிடைத்தது எது, கிடைக்காமற் போனது எது என்று பார்ப்பது நம் சங்கத்தாருக்குப் பயன் தரும் என்றே இதனை எழுதத் துணிந்தோம்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் துரைசாமி. காஞ்சிபுரத்தில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே தன்மான இயக்கத்தின்பால் உள்ளம் சென்றது. அது மேடைப் பற்றாக நின்றுவிடவில்லை. குத்தூசி குருசாமி அவர்களின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம்மா அவர்களைச் சாதி மறுத்து, புரோகிதம் இன்றி மணந்துகொண்டார். அரசு ஊழியர் ஒருவர் அந்நாளில் அவ்வாறு மணம் புரிவது எளிதன்று. உறவும் ஊரும் முகம் சுளிக்கும் என்பதை அறிந்தே செய்தார்.

கல்வித் துறையில் ஆய்வாளராகத் தொடங்கி, மாவட்டக் கல்வி அலுவலராகி, படிப்படியாக உயர்ந்தவர். ஆதலின் கூரைக் கொட்டகையில் ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்புக்களை நடத்தும் நிலை அவருக்குக் கோப்பில் படித்த செய்தி அன்று, கண்ணாற் கண்டது. 1953இல் கொண்டுவரப்பட்ட அரைநாட் கல்வித் திட்டம் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கிய பின், 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். அவ்வாண்டிலேயே, நாற்பது வயதைச் சற்றே கடந்திருந்த சுந்தரவடிவேலு அவர்களைத் துறையின் தலைமைக்குக் கொண்டுவந்தார். கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம். இம்மூவரும் ஒருவருக்கொருவர் துணை நின்ற காலம், தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் பொற்காலம் என்று சொல்லப்படுவதுண்டு. பொற்காலம் என்ற சொல் நமக்கு அவ்வளவு உவப்பன்று. வேலை நடந்த காலம் என்பது போதும்.

முதலில் எண்ணினார். எங்கே பள்ளி இல்லை என்பதை அறியாமல் பள்ளி திறப்பது, செல்வாக்குள்ளவர் கேட்ட இடத்திலே திறப்பதாகத்தான் முடியும். நம் கடற்கரையில் முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்கு முன் பார்களை ஆய்வது வழக்கம். கடலடியில் சிப்பி படிந்திருக்கும் திட்டைப் பார் என்பர். அங்கிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வளர்ச்சி கண்டு, முத்தை மதிப்பிட்டு, தகுதி என்று தெளிந்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்புக்கள் நடந்த அதே ஆண்டுகளில், கரையிலே பள்ளிகளுக்கும் அத்தகைய அளவெடுப்பு நடந்தது. 500 பேர் வாழும் ஊர் எதுவும் அருகே பள்ளியின்றி இருத்தலாகாது என்று முதலில் வரையறுத்தனர்; பின்னர் அது 300 பேர் என்று குறைக்கப்பட்டது. படித்து வேலையற்றிருந்த இளைஞர்களுக்கு வேலை தர மைய அரசு வகுத்திருந்த திட்டத்தைப் பற்றிக்கொண்டு, பள்ளியில்லா ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார். பணம் இல்லை என்று கைகட்டி நிற்காமல், இருக்கும் பணம் எப்பெயரில் எங்கே கிடக்கிறது என்று தேடிக் கண்டது அவர் திறமை.

இந்த எண்ணிக்கையில் நமக்கு முதன்மையான செய்தி ஒன்று உண்டு. வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டு எண்ணினால் ஊரில் ஒரு பள்ளி இருந்தவுடன் சேரிக்கும் பள்ளி உண்டு என்று கணக்கு முடிந்துவிடும். 1957இல் இந்தியா முழுவதும் நடந்த முதல் கல்வி அளவாய்வு, குடியிருப்புக்களைத் தனித்தனி அலகாகக் கொண்டது. அதனால் ஊர் வேறு, சேரி வேறு, மீனவர் குப்பம் வேறு என்று தாளிலாவது தெரிந்தது. ஆனால் தூரத்தை அளக்கும் சங்கிலி தெருவை அளப்பதில்லை. ஒரு கல் தொலைவுக்குள் பள்ளி இருந்தால் அக்குடியிருப்புக்குப் பள்ளி உண்டு என்பதே விதி. அந்த ஒரு கல் எந்தத் தெருவின் வழியே செல்கிறது, அத்தெருவில் நம் பிள்ளை செருப்பணிந்து நடக்கலாமா என்பதெல்லாம் படிவத்தில் இல்லாத வினாக்கள். பொதுத் தெருக்களில் நடக்கும் உரிமைக்கு இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வென்றார். முப்பது ஆண்டுகள் கழித்தும் அது எல்லா ஊர்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் திட்டம் தீட்டப்பட்டது.

அடுத்தது பகலுணவு. சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. ஆதிதிராவிடர் நலத்துறை நடத்திய பள்ளிகள் பலவற்றிலும் 1956க்கு முன்பே பிள்ளைகளுக்கு உணவு தரப்பட்டு வந்தது. மாநிலமெங்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் என்பது காமராசரின் எண்ணம். அதற்குப் பணம் எங்கே என்பது அதிகாரிகளின் கேள்வி. ஊர் மக்களிடம் கேட்போம் என்பது சுந்தரவடிவேலு அவர்களின் விடை. ஆசிரியர்களை வீடு வீடாக அனுப்பினார். அரிசியாகவும், பருப்பாகவும், விறகாகவும், ஒரு நாள் உணவுக்குரிய பணமாகவும் ஊரார் கொடுத்தனர். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் 1956இல் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிறந்தது. ஓராண்டுக்கு மேலாக முற்றிலும் மக்கள் கொடையாலேயே நடந்த பிறகு, 1957 நவம்பரில் அரசு பங்கு கொடுக்க முன்வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு தரும், 4 காசு ஊர் தரும்.

இந்த நான்கு காசில்தான் நுட்பம் இருக்கிறது. நான்கு காசு கொடுத்தவன் பள்ளிக்குள் எட்டிப் பார்ப்பான். அடுப்பு எரிகிறதா, ஆசிரியர் வந்தாரா என்று கேட்பான். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வருவார். நான்கு காசுக்காரன் நாள்தோறும் வருவான். இயக்குநர் கருதியது இதுவே என்பது நம் துணிபு. ஆனால் கொடுத்தவன் எவனோ அவனே கேட்பவனும் ஆவான் என்றால், கொடுக்க இயலாதவன் கேட்கவும் இயலாதவன் ஆகிறான். உழுதவன் வேறு, நெல்லுக்குடையவன் வேறு என்ற நாட்டில், அரிசி மூட்டையை இறக்கியவர் பெயர் கரும்பலகையில் எழுதப்பட்டது. அந்நெல்லை விளைத்த நம் பெரியோர் பெயர் எழுதப்படவில்லை. இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும்: பசித்த பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரே பானையிலிருந்து பரிமாறுவது என்ற விதி, நூறு சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்தது. செய்யாத ஊர்களும் இருந்தன. தனி வரிசை போட்ட ஆசிரியர்களும் இருந்தனர். விதி நம் பக்கம் இருந்ததால் அவர்கள் ஒளிந்து செய்ய நேர்ந்தது.

1982இல் சத்துணவாக விரிந்து, செலவு முழுவதையும் அரசே ஏற்ற பின் நான்கு காசு மறைந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. மறு ஆண்டு, 2023 செப்டம்பரில், எட்டயபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்பதால் பிள்ளைகளைப் பெற்றோர் உண்ணவிடவில்லை என்ற செய்தி நாளேடுகளில் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். திட்டம் பிறந்த மண்ணிலேயே அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த இதனைப் படித்தபோது, ஊராரின் கருத்தைக் கேட்டு நடப்பது என்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பது நமக்கு மீண்டும் தெளிவாயிற்று. உணவில் உப்புக் குறைவு என்றால் ஊர் சொல்லட்டும். சமைப்பவள் யார் என்பது ஊர் கேட்கத்தக்க கணக்கில் சேராது.

சுந்தரவடிவேலு அவர்களின் தனிப்பெரும் ஆக்கம் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் இதற்கு வித்திடப்பட்டது. நடைமுறை எளியது. ஓர் ஆய்வாளரின் சரகத்துக்குட்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்கள், தத்தம் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் இடுவர். கட்டடம், சுற்றுச்சுவர், கிணறு, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என ஒவ்வொன்றும் ஒரு வரி, எதிரே மதிப்பீடு. அப்பட்டியலை ஊராரிடம் காட்டி, எதை யார் ஏற்கிறார் என்று கேட்டுக் குறிப்பர். பின்னர்ச் சரகம் முழுவதும் ஓரிடத்திற் கூடும். ஊர் ஊராகப் பட்டியல் படிக்கப்படும். ஏற்றுக்கொண்டவர் பெயர் சொல்லப்படும். பலர் முன்னிலையில் சொன்ன சொல்லை விழுங்குவது கடினம். ஏற்கப்பட்ட திட்டங்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை என்று இரு கணக்குக்களையும் துறை திரட்டியது. முடியாதவற்றின் கணக்கையும் சேர்த்தே வைத்தது பெரிதும் பாராட்டத்தக்கது. நம் காலத்து அறிக்கைகளில் முடிந்தவை மட்டுமே வண்ணப் படங்களுடன் வருகின்றன.

நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்து, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பணிகள் மக்களால் ஏற்கப்பட்டன. 1964 முதல் 1966 வரை அமைந்த கோத்தாரி கல்விக் குழு, பள்ளிச் சீரமைப்பை நாடு தழுவிய இயக்கமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாவட்டந்தோறும் பள்ளி வாரியம் அமைக்கவும் கூறிற்று. அவ்வாரியம் தமிழ்நாட்டில் உருப்பெறவில்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்டக் கல்விக் குழுக்கள் முன்பே இருந்து மறைந்தவைதாம். தொடக்கப் பள்ளிகள் 1960–61இல் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. 1981இல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர். ஆசிரியர்க்கு இது நன்மை. ஊர்ப் பெரியதனக்காரரின் வாசலில் சம்பளத்துக்கும் மாற்றலுக்கும் நிற்க வேண்டியதில்லை. நம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இது இரட்டிப்பு விடுதலை. அதே வேளையில் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை என்ற மனநிலை நம்மவர் சிலரிடம் வளர்ந்துவிட்டது என்பதை ஆசிரியனாகிய நாமே சொல்லாவிடில் வேறு யார் சொல்வர்?

மாநாட்டின் குறை யாது? பட்டியல் யார் முன் படிக்கப்பட்டதோ அவர்களே ஊர் எனக் கொள்ளப்பட்டனர். கொடை கொடுக்கும் ஆற்றலுள்ள ஊர் இரண்டு கட்டடம் கட்டியது. வறிய குடியிருப்பு ஒரு மணியோடு நின்றது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளோ வேறு துறையைச் சேர்ந்தவை. அவை கல்வித் துறையின் பட்டியலுக்கு இயல்பாக உட்பட்டவை அல்ல. கல்வித் துறையைக் கேட்டால் நலத்துறை என்பர். நலத்துறையைக் கேட்டால் ஆசிரியர் பயிற்சி எம்முடையதன்று என்பர். இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதையாகச் சேரிப் பள்ளிகள் பல கிடந்தன. இயக்குநர் சாதி பார்க்காதவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சாதி பார்க்காதவர் வகுத்த முறை, சாதி பார்க்கும் ஊரின் கையில் தரப்பட்டது. முறை வகுப்பவர் ஊரின் நன்மனத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது.

அவர் காலத்து ஏனைய ஆக்கங்களைச் சுருங்கச் சொல்லலாம். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் என்ற மும்மை நலத் திட்டம் 1955இல் வந்தது. ஆண்டு வருவாய் 1200 ரூபாய்க்குட்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு 1960இல் பள்ளியிறுதி வரை கட்டணம் நீங்கியது. 1964–65இல் அனைவர்க்கும் நீங்கியது. பொது நூலகங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. 1961இல் பத்மசிறீ விருது பெற்றார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஓய்வுக்குப் பின் தம் வாழ்க்கையை நினைவு அலைகள் என்ற பெயரில் விரிவாக எழுதினார். 1993 ஏப்பிரல் 12ஆம் நாள் மறைந்தார். அவர் பெற்ற ஒரே மகன் இளமையிலேயே இறந்த துயரையும் அவர் வாழ்வு தாங்கியது.

அன்னார் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், பெறும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் கடமை. 1958இல் கொடையாளிக்குக் கிடைத்த உரிமை, இப்போது பிள்ளையைப் பெற்றவருக்குச் சட்டப்படி கிடைத்திருக்கிறது. நான்கு காசு வேண்டியதில்லை. சுந்தரவடிவேலு அவர்களின் முறையில் நாம் கண்ட ஓட்டையை அடைக்கும் சட்டம் இது.

அடைபட்டதா என்பது குழு கூடும் நேரத்தைப் பொறுத்தது. இதைச் சிறு செய்தி என்று எண்ணற்க. தூத்துக்குடிக் கரையில் வேம்பார், தருவைகுளம் தொடங்கிப் புன்னைக்காயல், மணப்பாடு வரை வாழ்வோரின் கடிகாரம் அலுவலகக் கடிகாரம் அன்று. உப்பளத்துக்குச் செல்லும் பெண்கள் விடியுமுன் வீட்டை விட்டுச் சென்று வெயில் ஏறிய பின் களைத்துத் திரும்புகின்றனர். கடலுக்குச் செல்வோர் திரும்பும் நேரம் காற்றின் கையில். துறைமுகத்திலும் கிட்டங்கிகளிலும் நாட்கூலிக்குச் சுமை தூக்குவோர் ஒரு வேளை வராவிட்டால் கூலி இல்லை. வேலை நாளின் பகலில் கூட்டம் என்று சுற்றறிக்கை விடுத்தால், குழுவில் பெயர் நம்மவரதாக இருக்கும்; நாற்காலி காலியாக இருக்கும்; கையொப்பம் மறுநாள் வீடு தேடி வாங்கப்படும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு வாரல் நின்று வருவாயற்றிருக்கும் திங்கள்களில்தான் அவர்களுக்கு ஓய்வு. அப்போது கூட்டம் கூட்டினால் கூலி இழப்பும் இல்லை. அந்தக் காலத்தில்தான் பிள்ளைகள் பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் ஆபத்தும் மிகுதி.

நாம் தலைமையாசிரியராயிருக்கும் பள்ளியில் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றி, இரண்டாம் கூட்டத்தைப் பள்ளியில் அன்றிக் காலனியின் சமுதாயக் கூடத்தில் வைத்தோம். ஊரார் சிலர் வர மறுத்தனர். பின்னர்ச் சிலர் வந்தனர். இயக்குநர் காட்டிய வழியிலேயே பட்டியல் படித்தோம்: தேவை, மதிப்பீடு, பொறுப்பு, முடிந்ததா இல்லையா என நான்கு பத்திகள். நாம் முதலில் எழுதியிருந்தது நுழைவாயில் வளைவு. உப்பளத் தொழிலாளியான ஒரு தாய் எழுந்து, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வராததால் தம் மகள் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமல் இருக்கிறாள் என்றார். கூடத்தில் இருந்தோர் யாரும் அதன் பின் வளைவைப் பற்றிப் பேசவில்லை. குழாயும் தொட்டியும் பட்டியலின் முதல் வரிக்கு வந்தன. எதிரே மதிப்பீடு எழுதப்பட்டிருக்கிறது. பொறுப்பு என்ற பத்தியில் நம் பெயரும் அத்தாயின் பெயரும் உள்ளன. நான்காம் பத்தி வரும் கூட்டத்தில் அதே கூடத்தில் படிக்கப்படும்.